நடு அடுக்கு

வட்டக்கச்சியில் போர்வை தைக்கிறவளைப்
பைத்தியம் என்பார்கள்.
சித்திரை வெயில். தகரத்தில் காகம் கூட
கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது.
நான் மடி நிறையப் போர்வையை வைத்துக்கொண்டு
முதுகு நனைய நனையத் தைக்கிறேன்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் உனக்கு
முதல் நியமனம்.
"ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்தா
கால்விரலெல்லாம் வேற ஆற்றையோ மாதிரிக் கிடக்குதடி"
என்று குரல்பதிவு அனுப்பினாய்.
அதைக் கேட்ட அன்றே வெட்டத் தொடங்கினேன்.

கார்மென்ட்ஸில் கழிவுத்துணி நிறுத்துத் தருவார்கள்.
வாசலில் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்,
துணியோடு துண்டும் காட்ட வேண்டும்.
ஊதா, கருஞ்சிவப்பு,
எந்த ஊர்க்காரனோ போடப்போகும் காற்சட்டையில்
மிஞ்சிய கருநீலம்.
நாளுக்கு எண்ணூறு கொலர் தைக்கிற எனக்கு
கையூசியில் ஒரு சதுரம் நேராய் வரவில்லை.

மற்றவை நம்முடையவை.
நீ ஓ.எல். எழுதிய வெள்ளைச் சட்டையின் கை,
மை கசிந்தபடி.
வற்றாப்பளைப் பொங்கலுக்கு
இருவரும் ஒரே துணியில் தைத்த மஞ்சள்.
எப்போதும் கடைசியாய் வந்த நம் இல்லத்தின்
பச்சைக் கொடி (அதிபருக்குச் சொல்லாதே).
உனக்கு மாப்பிள்ளை ஆகப்பார்த்து ஆகாமல் போன
ஜெனகனின் லேஞ்சி.
அதை மூலையில் வைத்தேன், காலடிப் பக்கம்.

மேல் ஆயிற்று, கீழ் ஆயிற்று.
நடுவுக்கு என்ன?
பஞ்சு வாங்கக் கிளிநொச்சிக்குப் போனேன்.
கடைக்காரர் காட்டியது தலையணைப் பஞ்சு,
ஒரு தரம் தோய்த்தால் கட்டிபடும்.
வெறுங்கையோடு வந்து
பெட்டியைத் திறந்தேன்.

அது அங்கே கிடந்தது.
சாம்பல் நிறம். ஓரத்தில் சிவப்புக் கோடு.
செட்டிக்குளத்தில் கூடாரத்துக்கு இரண்டென்று தந்தது.
எனக்கு எட்டரை வயது, உனக்கு எட்டு.
உங்களில் ஏழு பேர். எங்களில் மூன்று பேர்தான்,
அதனால் எங்களிடம் இடம் இருந்தது.
நீ என்னோடு படுக்க வந்தாய்.
வெள்ளம் உள்ளே வந்த இரவு
இதைச் சுற்றிக்கொண்டு
நின்றபடியே நித்திரை கொண்டோம்.

வீடு திரும்பிய கிழமை
உங்களுடையதை முற்றத்தில் போட்டு நீ கொளுத்தினாய்.
"மணக்குதடி" என்றாய். வேறெதுவும் சொல்லவில்லை.
எங்களுடையதையும் கொளுத்திவிட்டதாய்
நான் சொன்னேன்.

மூன்று நாள் வைத்தேன், எடுத்தேன்.
ஒருமுறை பாதி தைத்துப் பிரித்தேன்.
உன்னிடம் கேட்டிருக்கலாம்.
கேட்டால் வேண்டாம் என்பாய்,
அதனால்தான் கேட்கவில்லை.
இது நல்ல குணம் இல்லை, தெரியும்.
சன்லைட் போட்டு இரண்டு தரம் தோய்த்து,
மதிலில் காயவிட்டு,
மாடு வந்து இழுத்த இடத்தை வெட்டி எறிந்து,
உள்ளே வைத்து நாலு பக்கமும் மூடினேன்.

செல்வி ந. தயாழினி, தாதியர் விடுதி.
தபால் கந்தோரில் நிறுத்தார்கள்,
இரண்டு கிலோ எண்ணூறு.
"உள்ள என்ன?"
"போர்வை."
வெளியே எரிகிற வெயிலை ஒருதரம் பார்த்தார்.
முகவரியைப் பார்த்தார்.
"அப்ப சரி" என்று சீல் குத்தினார்.

ஒன்பதாம் நாள், விடியப்புறம் நாலரைக்கு
அழைத்தாய்.
உன் பக்கம் மழை.
"நடுவில என்னடி வைச்சனி?"
"பஞ்சு."
கனநேரம் நீ பேசவில்லை.
இங்கே வயல்கரையில்
ஒரு மயில் அகவத் தொடங்கி அகவி முடித்தது.

"பஞ்சு குத்தாது, பிறேமி."

பிறகு எதையோ கழுத்துவரை
இழுத்து மூடுகிற சத்தம்.
"நித்திரை வருது. வைக்கிறன்."